ஷார்ட் ஷிஃப்டர் வாங்கும் முன்: கியர் லிவரைக் குட்டையாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும்போது கை நகரும் தூரத்தைக் குறைக்கும் பாகம், தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது சதவீதம்தான். 30 சதவீதம் குறையும், 45 சதவீதம் குறையும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அது எந்த கியர்பாக்ஸுக்கானது, லிவர் பக்கம் மாட்டுவதா எஞ்சின் பக்கம் மாட்டுவதா, மாட்டிய பிறகு கைக்கு எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. என் பழைய ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு ஒன்று தேர்ந்தெடுப்பதற்குள் இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஷார்ட் ஷிஃப்டர் காரின் வேகத்தைக் கூட்டாது. கியர் மாற்றும்போது கை நகரும் தூரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இதைத் தேடி வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஆட்டமில்லாத, கொழகொழவென்று இல்லாத லிவர். அதற்கு வேறு வழி இருக்கிறது, செலவும் மிகக் குறைவு. அதனால் கீழே உள்ள முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. கியரில் என்ன குறை என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கார் நின்ற இடத்திலேயே அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழும் முதல் கியரும் ரிவர்ஸும் எஞ்சின் ஓடும்போது முரண்டு பிடித்தால், கோளாறு லிவரில் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச் என்றால் காற்று புகுந்திருக்கலாம், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம். இந்த நிலையில் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டினால் முரண்டு இன்னும் கூடும்.

ஒரே ஒரு கியருக்குப் போகும்போது மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது மட்டும் 'கர்' என்று சத்தம் வந்தால் அந்த கியரின் சிங்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது கியர்தான் இப்படி முதலில் போகும். இதற்கு கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும். காலையில் மட்டும் இறுக்கமாக இருந்து, சில கிலோமீட்டர் ஓடியதும் சரியானால் எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

கியர் விழுந்த பிறகும் லிவர் இடம் வலமாகத் தாராளமாக ஆடுகிறதா? அப்படியானால் லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் கேபிளின் முனையில் இருக்கும் புஷ்ஷோ (இணைப்பில் வரும் சிறு வளையம்), லிவர் அடியில் இருக்கும் புஷ்ஷோ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இவை எதுவும் இல்லாமல், எல்லாம் நன்றாக இருந்தும் தூரம் மட்டும் அதிகம் என்று தோன்றினால் ஒரு ஸ்கேலை எடுங்கள். முதல் கியரில் நாப் (லிவரின் உச்சியில் கை பிடிக்கும் குமிழ்) நிற்கும் இடத்துக்கும் இரண்டாவது கியரில் நிற்கும் இடத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே பக்கவாட்டுத் தூரத்தையும் அளந்துவிடுங்கள். இந்த இரண்டு எண்கள் இல்லாமல் விற்பவரோடு பேசிப் பயனில்லை.

2. மலிவான மாற்றங்களை முதலில் செய்யுங்கள்

கேபிள் முனை புஷ்களையும் லிவர் அடிப்பகுதி புஷ்களையும் மாற்றுவதுதான் முதல் வேலை. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் போட்டால் லிவர் கெட்டியாகும், கேபினுக்குள் சத்தம் சற்றுத்தான் கூடும். அலுமினியம் அல்லது பித்தளை புஷ் போட்டால் ஆட்டம் அறவே போய்விடும், ஆனால் கியர்பாக்ஸின் முனகல் கைக்கும் காதுக்கும் வந்து சேரும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் காருக்கு நான் பாலியூரித்தேனோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

கியர் எண்ணெயை மாற்றி வெகு நாளாகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றாதீர்கள். ஓனர்ஸ் மேனுவலில் எந்தத் தரம் என்று போட்டிருக்கும். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவது பரவலாக நடக்கும் தவறு. டிஃபரன்ஷியலுக்கான (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதிக்கான) கூடுதல் சேர்மானம் ஜிஎல்-5இல் உண்டு. சிங்க்ரோ வளையம் பிடிப்பதற்கு உராய்வு வேண்டும், அந்தச் சேர்மானம் அதைக் கெடுக்கக்கூடும்.

மூன்றாவது, கனமான நாப். கம்பெனி பிளாஸ்டிக் நாப்பை எடுத்துவிட்டு அரைக் கிலோ வாக்கில் இருக்கும் ஸ்டீல் நாப் போட்டால், கியர் அதன் எடையின் உந்துதலிலேயே வாசலை (லிவர் கியருக்குள் நுழையும் தடத்தை) தாண்டி உள்ளே போய்விடும். தூரம் குறையாது, ஆனால் குறைந்தது போல இருக்கும். மரை அளவு மட்டும் கவனம்: ஹோண்டாவுக்கு எம்10 × 1.5, டொயோட்டாவுக்கு எம்12 × 1.25. ஃபோக்ஸ்வாகனில் மரையே கிடையாது, கிளிப் வைத்துப் பிடித்திருக்கும், அதற்கென்று அடாப்டர் வேண்டும். இன்னொரு விஷயம், சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காரில் ஸ்டீல் நாப்பை வெறுங்கையால் தொட்டவர்களுக்குத் தெரியும். துணி உறையோடு வாங்குங்கள், அல்லது டெல்ரின் பிளாஸ்டிக் நாப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் ஓட்டுங்கள். பலருக்கு ஆசை இங்கேயே தீர்ந்துவிடும்.

3. உங்கள் காரில் எந்த அமைப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

லிவர் நேராக கியர்பாக்ஸின் தலையில் இறங்கும் அமைப்பு ஒன்று. ஜிப்ஸி போல எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இதில் லிவரையே மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் சூடும் தூசியும் மேலே வரும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது இரும்புத் தண்டு அமைப்பு. மாருதி 800, பழைய ஹோண்டா சிட்டி விடெக் போன்றவற்றில் காரின் அடியில் தண்டு ஓடும். இதில் வேலை பாதி காருக்குக் கீழே. தூக்கு மேடை இல்லாத பட்டறையில் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது கேபிள். இன்று சாலையில் ஓடும் ஹேட்ச்பேக், செடான்களில் பெரும்பாலானவை இதுதான். இரண்டு கேபிள்கள்: ஒன்று முன்னும் பின்னும் கியர் போட, மற்றது பக்கவாட்டில் வாசல் தேர்ந்தெடுக்க. இதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஷார்ட் ஷிஃப்டரை இரண்டு இடங்களில் மாட்டலாம்.

கேபினுக்குள் லிவரின் கீழ்க் கையை (லிவர் ஊன்றி ஆடும் தாங்கு புள்ளிக்கும் கேபிள் கொக்கிக்கும் இடைப்பட்ட பகுதியை) நீட்டினால், கேபிள் நகரும் தூரம் பழையபடியே இருக்கும். கேபிளில் வரும் இழுவிசையும் மாறாது. உங்கள் கை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். கேபிளில் இருக்கும் சிறு ஆட்டம்கூட நாப்பில் முன்பைவிடக் குறைவாகத் தெரியும்.

எஞ்சின் பக்கம், கியர்பாக்ஸ் மேல் கேபிள் இணையும் இரும்புக் கையைக் குட்டையாக்கினால் கதை வேறு. கேபிள் நகரும் தூரம் குறைகிறது, இழுவிசை கூடுகிறது. கேபிளில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால், குறைந்துபோன நகர்வில் அந்த ஒரு மில்லிமீட்டர் இன்னும் பெரிய பங்கு. பிளாஸ்டிக் கேபிள் முனைகள் கழன்று நடுரோட்டில் கியர் மாட்டிக்கொள்வதும் இந்த வகையில்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். விலை குறைவு, லிவரைச் சுற்றியுள்ள கன்சோலைக் கழற்ற வேண்டாம், சீக்கிரம் மாட்டலாம் என்பதால் விற்பவர்கள் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில், பழைய கேபிளோடு, இந்த வகை வேண்டாம் என்பது என் கருத்து.

4. சதவீதக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

லிவர் ஒரு நெம்புகோல். தாங்கு புள்ளியிலிருந்து நாப் வரை 200 மி.மீ., கேபிள் கொக்கி வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5. கேபிள் 12 மி.மீ. நகர வேண்டுமானால் நாப் 60 மி.மீ. நகர வேண்டும். கீழ்க் கையை 50 மி.மீ. ஆக்கினால் விகிதம் 4, நாப் 48 மி.மீ. நகர்ந்தால் போதும். தூரத்தில் 20 சதவீதம் மிச்சம். ஆனால் அதே கியரைத் தள்ள இப்போது 25 சதவீதம் கூடுதல் விசை வேண்டும்.

சதவீதம் ஏற ஏற இது கூடிக்கொண்டே போகும். 30 சதவீதம் குறைத்தால் விசை 43 சதவீதம் கூடும். 40 குறைத்தால் 67. பாதியாகக் குறைத்தால் விசை இரு மடங்கு. விளம்பரத்தில் முதல் எண் மட்டும்தான் இருக்கும்.

நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் இடது கையில். பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நெரிசலில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே போகும்போது அந்த 43 சதவீதம் தோளில் தெரியும். தினசரி காருக்கு 20லிருந்து 25 சதவீதம் போதும். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் கார், அல்லது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்கோ கொண்டுபோகும் கார் என்றால் 30 வரை போகலாம். அதற்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் வேறு யாராவது அதே காரை ஓட்டுகிறார்களா என்பதையும் யோசியுங்கள். அப்பாவுக்கோ மனைவிக்கோ ரிவர்ஸ் போட முடியவில்லை என்றால் ஷிஃப்டர் ஒரு வாரத்தில் கழன்றுவிடும்.

லிவரின் மேல்பகுதியை வெட்டிக் குட்டையாக்குவதும் இதே கணக்குதான். 200 மி.மீ.ஐ 160 ஆக்கினாலும் விகிதம் 4. ஆனால் நாப் தாழ்ந்துபோகும், ஸ்டீயரிங்கிலிருந்து கை எட்டும் தூரம் கூடும். லேத் பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். பல லிவர்களில் அதிர்வைத் தணிக்க ரப்பர் உள்ளே வார்த்திருக்கும், வெல்டிங் சூட்டில் அது கருகிவிடும். கம்பெனி லிவரும் போனது போனதுதான்.

5. காரின் பெயரை வைத்து வாங்காதீர்கள்

ஒரே பெயரில் விற்கும் காரில் எஞ்சினுக்கு ஏற்ப வெவ்வேறு கியர்பாக்ஸ் இருக்கும். போலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2010லிருந்து 2022 வரை விற்றது. பெட்ரோல், டீசல், ஐந்து கியர், ஆறு கியர் என்று எத்தனையோ வகை. "போலோவுக்குப் பொருந்தும்" என்ற ஒரு வரிக்கு அர்த்தமே இல்லை. ஃபோக்ஸ்வாகனில் கியர்பாக்ஸுக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. காரின் விவர ஸ்டிக்கரிலும் கியர்பாக்ஸ் உடலிலும் அது இருக்கும். மற்ற கம்பெனிகளில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் உதிரிபாகக் கவுண்டரில் லிவரின் பார்ட் நம்பரைச் சொல்வார்கள். விற்பவரிடம் அந்த எண்ணைக் கொடுத்து, பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றாலும் பரவாயில்லை.

வெளிநாட்டில் இடப்பக்க ஸ்டீயரிங் காருக்குச் செய்த கிட் என்றால் கேபிள் வழியும் கன்சோல் இடைவெளியும் மாறலாம். உங்கள் காரில் லிவர் அசெம்பிளியைப் புகைப்படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

6. விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ரிவர்ஸ் தடுப்பு எப்படி வேலை செய்யும் என்று கேளுங்கள். சில கார்களில் லிவரைக் கீழே அழுத்த வேண்டும், சிலவற்றில் நாப்புக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். புதிய லிவர் அதற்கு இடம் தராவிட்டால், ஓடும் காரில் முதல் கியருக்குப் போக வேண்டிய கை ரிவர்ஸ் பக்கம் போய்விடும்.

பக்கவாட்டுத் தூரமும் குறைகிறதா என்பது அடுத்த கேள்வி. முன்பின் தூரம் மட்டும் குறைந்து பக்கவாட்டு அப்படியே இருந்தால், கியர் வாசல் அகலமாகி விநோதமாக இருக்கும். இரண்டும் குறைந்தால் வாசல்கள் நெருங்கிவிடும். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும்போது இரண்டில் விழும் ஆபத்து அங்கேதான். நெடுஞ்சாலை வேகத்தில் அது நடந்தால் எஞ்சின் சுழற்சி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பாயும், வால்வு வளையும். பழகும் வரை மெதுவாக மாற்றுங்கள்.

தாங்கு புள்ளியில் என்ன இருக்கிறது, பிளாஸ்டிக் குழியா, பேரிங்கா என்றும் விசாரியுங்கள். தேய்ந்தால் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் மொத்த கிட்டும் தேயும் பொருள்தான். இன்ஸ்டாகிராமில் விற்கும் பல அலுமினியக் கிட்கள் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே என்ன புஷ் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

7. பணமும் நேரமும்

நம் ஊர் கார்களுக்கு உள்ளூரில் கிடைக்கும் தேர்வு குறைவு. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். லிவரை மட்டும் மாற்றும் கிட்கள் பெரும்பாலும் 100 முதல் 300 டாலருக்குள் கிடைக்கும். முழு அசெம்பிளி என்றால் அதைவிட மேலே போகும்.

விலையோடு கணக்கு முடிவதில்லை. சுங்க வரி பொருளின் விலை மீது மட்டும் விழாது. விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த தொகை மீது விழும். அதன் மேல் ஜி.எஸ்.டி. கார் உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், முன்பு 28 ஆக இருந்தது. கூரியர் கம்பெனி தன் பங்குக்குக் கையாளும் கட்டணம் ஒன்றும் சேர்க்கும். இரும்புப் பொருள் என்பதால் எடைக்கும் பணம் போகும். பொருள் விலையில் இன்னொரு முக்கால் பங்கு வரை கூடுதலாக ஆகலாம் என்று எண்ணிப் பணத்தை ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு.

பார்சல் மேல் 'பரிசு' என்று எழுதி அனுப்புகிறேன், வரி வராது என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து அந்தச் சலுகை கிடையாது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் சட்டப்படி குற்றம். இன்வாய்ஸில் "கியர் லிவர், இந்த உலோகம், இத்தனை எண்ணிக்கை" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வெறும் "பாகங்கள்" என்று இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும், பார்சல் அங்கேயே உட்காரும். ஆதார், பான் இரண்டின் பிரதியும் கூரியர் கேட்கும் கே.ஒய்.சி.க்காகத் தயாராக இருக்கட்டும். பணம் கட்டியதற்கான வங்கி ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

கூலியைப் பொறுத்தவரை, கேபினுக்குள் மாட்டும் வகைக்குக் கன்சோலைக் கழற்றி மாட்ட அரை நாள் ஆகும். மணிக்கணக்கில் கூலி பேசாமல், கேபிள் சரிசெய்வது உட்பட மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுங்கள்.

8. வாரண்டி, இன்சூரன்ஸ், ஆர்.சி.

கார் வாரண்டியில் இருந்தால் காத்திருங்கள். வெளிப் பாகத்தால் வந்த பழுது என்று சொல்லி கியர்பாக்ஸ் கோரிக்கையை மறுக்க வாரண்டி புத்தகத்திலேயே இடம் உண்டு. கியர்பாக்ஸ் பழுதின் செலவு ஷிஃப்டர் விலையைப் போலப் பல மடங்கு. சர்வீசுக்கு விடும்போது மட்டும் பழையதை மாட்டிக் கொடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்டினால் கிளிப்கள் உடையும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, என்ன பாகம் மாற்றியிருக்கிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் பதிலைச் சேமித்து வையுங்கள். காகிதத்தில் தெரியப்படுத்தியது இருந்தால் பின்னால் கோரிக்கையின்போது வாதம் குறையும்.

ஆர்.டி.ஓ. பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி.யில் எஞ்சின் எண், நிறம், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை எல்லாம் உண்டு, கியர் லிவருக்கு ஒரு வரியும் இல்லை. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

9. மாட்டும் நாளில்

மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் இருங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்ட பிறகே கன்சோலில் கை வைக்க வேண்டும். கியரில் விட்டுக் காரை நிறுத்த முடியாது என்பதால் ஹேண்ட்பிரேக்கோடு சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுங்கள், கேபிள் எந்தக் கொக்கியில் இருந்தது என்பதே பின்னால் சண்டையாகும்.

நியூட்ரல் சரிசெய்வதில்தான் மொத்த வேலையும் நிற்கிறது. ஃபோக்ஸ்வாகன் முறை நல்ல உதாரணம். கியர்பாக்ஸ் மேல் உள்ள தேர்வுத் தண்டைக் கீழே அழுத்திப் பூட்ட வேண்டும், லிவர் பக்கம் ஒரு பின்னைச் செருகி அதையும் பூட்ட வேண்டும், பிறகு கேபிள் கிளிப்களைத் தளர்த்தித் தானாக உட்கார விட்டு இறுக்க வேண்டும். உங்கள் காருக்கு என்ன முறை என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்து வையுங்கள். "கண் மதிப்பில் வெச்சிடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். சற்று விலகியிருந்தாலும் கியர் முழுதாகக் கடிக்காது. சுமை ஏறும்போது துள்ளி வெளியே வரும், கியரின் பற்கள் மழுங்கும்.

கன்சோலை மூடும் முன் எஞ்சின் அணைந்த நிலையில் எல்லா கியரையும் போடுங்கள். இரண்டு, நான்கு, ரிவர்ஸ் ஆகியவற்றில் லிவர் கன்சோல் ஓரத்திலோ தோல் உறையிலோ இடிக்கிறதா பாருங்கள். இடித்தால் கியர் பாதியில் நிற்கிறது என்று பொருள். போல்ட்டுகளுக்கு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போடச் சொல்லுங்கள், தாங்கு புள்ளிக்கு கிட்டோடு சொல்லியிருக்கும் கிரீஸை மட்டும் வையுங்கள்.

10. முதல் 500 கிலோமீட்டர்

ஆளில்லாத சாலையில் முதலில் ஓட்டுங்கள். ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் சட்டென்று விட்டும் பாருங்கள், கியர் துள்ளினால் கேபிள் சரியாக அமையவில்லை. லிவர் குட்டையாகிவிட்டது என்பதற்காக அடித்து மாற்ற வேண்டாம். சிங்க்ரோவுக்கு வேகத்தைச் சமன் செய்ய எடுக்கும் நேரம் முன்பு போலவேதான், வாசலில் ஒரு நொடிக்கும் குறைவாகக் கையைத் தயங்கவிட்டால் போதும்.

500 கிலோமீட்டரில் போல்ட்டுகளையும் கேபிள் முனைகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முதல் படியில் எழுதி வைத்த அளவுகளை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். சொன்ன சதவீதத்துக்கு வெகுவாகக் குறைவாக இருந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் புகைப்படத்தோடு விற்பவருக்கு அனுப்பிவிடுங்கள். கழற்றிய கம்பெனி லிவர், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வீட்டில் வையுங்கள். காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.